ஸ்டீரியோவுக்கு ஒரே மைக்கா, ஜோடி மைக்கா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் ரெக்கார்டிங் செய்கிறீர்கள், ஸ்டீரியோ வேண்டும், கையைக் கடிக்கவும் கூடாது என்றால் சின்ன டயாஃப்ரம் (ஒலிக்கு அதிரும் சவ்வு) கொண்ட கண்டென்சர் மைக், அதாவது மின்சாரம் கொடுத்து இயக்கும் நுட்பமான வகை, இரண்டை ஜோடியாக வாங்குங்கள். பெட்டியிலேயே "ஸ்டீரியோ மைக்" என்று எழுதியிருக்கும் ஒற்றை மைக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். என்னிடம் இருப்பது ரோடு என்ற கம்பெனியின் எம்5 ஜோடி. நான் பதிவு செய்வது நைலான் தந்தி கிட்டார், அக்கா வாசிக்கும் அப்ரைட் பியானோ, எப்போதாவது இரண்டு மூன்று பேர் சேர்ந்து பாடுவது, அவ்வளவுதான். அறை சின்னது, படுக்கையறைதான். ஒரு சுவர் முழுக்கத் துணி அலமாரி. பதிவு செய்யும்போது அதன் கதவுகளைத் திறந்துவைத்துவிடுவேன், எதிரொலி பாதி அடங்கிவிடும். இப்படிப்பட்ட அறையில் உட்கார்ந்திருப்பவனின் கருத்து என்று இதைப் படியுங்கள். பெரிய ஹாலில் பதிவு செய்கிறவருக்குக் கணக்கே வேறு.

அதற்கும் முன்னால், உங்களுக்கு ஸ்டீரியோ தேவைதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு குரலைப் பதிவு செய்ய அது வேண்டியதில்லை. பாடுகிறவர் தலையை இப்படி அப்படித் திருப்பினால் குரல் இடதும் வலதுமாக அலையும், அதுதான் கண்ட பலன். பாட்காஸ்டுக்கும் இதே பதில். கிட்டார்கூட டிரம்ஸ், பேஸ், கீபோர்டு, குரல் என்று ஏகப்பட்ட ட்ராக்குக்கு நடுவே போய் உட்காரப்போகிறது என்றால் மோனோவில், அதாவது ஒரே மைக்கில், எடுத்து இடமோ வலமோ ஒரு பக்கமாகத் தள்ளிவிடலாம் (இதைத்தான் பேன் செய்வது என்பார்கள்). எல்லாக் கருவியும் அகலமாகக் காலை நீட்டி உட்கார்ந்தால் மிக்ஸில் யாருக்கும் இடம் இருக்காது. கிட்டார் தனியாக, பியானோ தனியாக, அல்லது நாலு பேர் ஒரே நேரத்தில் ஓர் அறையில் வாசிப்பது என்றால்தான் ஸ்டீரியோவுக்கு வேலை.

சரி, வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். ஒரே மைக்கா, ஜோடியா என்று முடிவு செய்ய, ஸ்டீரியோ எப்படி உண்டாகிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ஒலி ஒரு மைக்கில் பலமாகவும் இன்னொன்றில் மெலிதாகவும் விழலாம். அல்லது ஒன்றுக்கு முந்தியும் இன்னொன்றுக்கு ஒரு துளி பிந்தியும் போய்ச் சேரலாம். இந்த இரண்டையும் வைத்துத்தான் நம் காது திசையைக் கண்டுபிடிக்கிறது. ஆலன் பிளம்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் இரண்டு மைக்கைக் குறுக்காக வைத்து ஸ்டீரியோ எடுக்கும் வழிக்கு 1931-லேயே காப்புரிமை கேட்டு விண்ணப்பித்துவிட்டார்.

கடைகளில் கிடைக்கும் ஒற்றை ஸ்டீரியோ மைக்குகளில் பெரும்பாலானவை எக்ஸ்-ஒய் வகை. இரண்டு கேப்ஸ்யூலும் (மைக்கில் ஒலியைப் பிடிக்கும் பகுதி) ஒரே இடத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக, குறுக்கே திரும்பியிருக்கும். நேர வித்தியாசம் கிடையாது, சத்த அளவில் வித்தியாசம் மட்டும்தான். அதுவும் பெரும்பாலும் 90 டிகிரி கோணத்தில். இங்கே ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது, விளம்பரத்தில் இதைச் சொல்லமாட்டார்கள். கார்டியாய்டு மைக், அதாவது முன்னால் வருவதை அதிகமாகவும் பின்னால் வருவதைக் குறைவாகவும் எடுக்கும் வகை, தன் பக்கவாட்டிலிருந்து வரும் ஒலியை, நேர் எதிரே வருவதைவிட 6 டெசிபல்தான் (டெசிபல் என்பது சத்தத்தின் அளவு) குறைத்து எடுக்கும். ஆக, இடது கேப்ஸ்யூலுக்கு நேர் எதிரே ஒருவர் நின்று பாடினால் வலது கேப்ஸ்யூலிலும் அவர் குரல் 6 டெசிபல் மட்டும் குறைந்து விழும். ஸ்பீக்கரில் கேட்கும்போது அவர் இடது ஓரத்துக்குப் போகமாட்டார். நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையில் எங்கோ நிற்பார். கோணத்தை 120 டிகிரிக்கு விரித்தால் இதே வித்தியாசம் 12 டெசிபல் ஆகிவிடும், ஸ்டீரியோ படம், அதாவது ஒலிகள் இடமும் வலமுமாக விரிந்து நிற்பது, நன்றாக அகலும். "ஸ்டீரியோ மைக் வாங்கினேன், மோனோ மாதிரியே இருக்கிறது" என்று புலம்புகிறவர்களில் பலருக்கு மைக்கில் குறையே இருக்காது. அந்த 90 டிகிரியின் வேலை அது.

பிரெஞ்சு வானொலியில் உருவான ஓஆர்டிஎஃப் என்ற முறையில் கேப்ஸ்யூல்களுக்கு நடுவே 17 சென்டிமீட்டர் இடைவெளி, கோணம் 110 டிகிரி. சத்த அளவில் வித்தியாசமும் உண்டு, நேர வித்தியாசமும் உண்டு. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது, ஆகவே 17 சென்டிமீட்டரைக் கடக்க அரை மில்லிசெகண்டு. கேட்க ஒன்றுமில்லாதது போலத் தோன்றும், ஆனால் காதுக்கு அது பெரிய தகவல்.

கிட்டாரில் இதை நேராகவே கேட்கலாம். கிட்டார் கழுத்தின் 12-ஆவது ஃப்ரெட்டை (குறுக்குக் கம்பியை) பார்த்தபடி, அறுபது எழுபது சென்டிமீட்டர் தள்ளி மைக் ஜோடியை வையுங்கள். முதலில் 90 டிகிரி எக்ஸ்-ஒய். கிட்டார் உறுதியாக, உருண்டையாக, நடுவில் வரும். நல்ல சத்தம்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் கண்ணை மூடினால் எதிரே ஆள் இல்லை. அதே இடத்தில் ஓஆர்டிஎஃப். இப்போது இடது கை விரல் தந்தியில் வழுக்கும் "கீச்" சற்று வலப்பக்கம் கேட்கும், தந்திகள் உடம்பில் முடியும் பிரிட்ஜ் பக்கத்துக் கனமும் கட்டைவிரல் விழும் சத்தமும் சற்று இடப்பக்கம். அதிகமில்லை, ஒரு கையகலம்தான். இடையில் கிட்டாரின் உடம்பு தெரியும். எனக்கு ஸ்டீரியோவில் வேண்டியிருந்தது இந்தக் கையகலம்தான். இதற்கு இரண்டு தனி மைக் வேண்டும், அல்லது ஓஆர்டிஎஃப் அமைப்பிலேயே வார்த்த சூப்பர்லக்ஸ் எஸ்502 மாதிரி ஒன்று வேண்டும்.

ஜோடி வாங்கினால் இன்னொரு சௌகரியம், நாளைக்கு மனம் மாறினால் முறையையும் மாற்றிக்கொள்ளலாம். பியானோவுக்கு இரண்டையும் தள்ளித் தள்ளி வைக்கலாம். ஒன்றைக் கிட்டாருக்கும் மற்றொன்றைக் குரலுக்கும் கொடுத்துவிடலாம். ஒரே உடலுக்குள் அடைத்த ஸ்டீரியோ மைக் வாழ்நாள் முழுக்க ஒரே வேலையைத்தான் செய்யும்.

இதற்காக ஒற்றை மைக்குகளை ஒதுக்கிவிடவும் முடியாது. ரோடு என்டி4 அருமையான சாதனம். அரை அங்குலக் கேப்ஸ்யூல் இரண்டு, 90 டிகிரியில் நிலையாகப் பூட்டியது, மைக் கேபிள் வழியாகவே வரும் மின்சாரமான பாண்டம் பவரிலும் ஓடும், 9 வோல்ட் பேட்டரியிலும் ஓடும். ஒரே ஸ்டாண்டில் மாட்டி, ஒரே கேபிளை இழுத்து, உடனே வேலையை ஆரம்பிக்கலாம். இடம் விட்டு இடம் போய்ப் பதிவு செய்கிறவருக்கு அந்த வேகத்துக்கே விலை கொடுக்கலாம். ஆனால் எம்5 ஜோடியைவிட நன்றாகவே விலை கூடுதல். ஆடியோ-டெக்னிகா ஏடி2022-இல் கேப்ஸ்யூல்களைத் திருப்பி 90, 120 என்று இரண்டு கோணமும் வைக்கலாம், வேலை முடிந்ததும் தட்டையாக மடக்கலாம், ஒரு பென்சில் பேட்டரி போதும். மேலே சொன்ன கணக்கைப் படித்தவருக்கு அந்த 120 ஏன் முக்கியம் என்று புரியும். ஆனால் அது கேமராவுக்கும் கையடக்க ரெக்கார்டருக்கும் என்றே செய்தது. மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டியான வீட்டு இன்டர்ஃபேஸோடு அவ்வளவு இயல்பாக ஒட்டாது.

யூஎஸ்பி மைக்கில் ஸ்டீரியோ என்றால் எல்லோரும் சொல்வது ப்ளூ யெட்டி. உள்ளே மூன்று கேப்ஸ்யூல், ஒரு குமிழைத் திருப்பினால் ஸ்டீரியோ. பதிவு 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். இன்டர்ஃபேஸ் எதுவும் இல்லாதவருக்கு ஆரம்பிக்க இது ஒரு வழி. ஆனால் ஏற்கெனவே இன்டர்ஃபேஸ் வைத்திருப்பவர் இதை வாங்கினால் கையில் இருப்பது சும்மா கிடக்கும். சூம் எச்1என் வேறு ஜாதி. பதிவு செய்வதும் அதுவே, மைக்கும் அதுவே, மூஞ்சியில் 90 டிகிரி எக்ஸ்-ஒய், இரண்டு சின்ன பேட்டரி. யூஎஸ்பியில் கம்ப்யூட்டரோடு இணைத்தால் மைக்காகவும் வேலை செய்யும். மழைச் சத்தம், தெருச் சத்தம், ஒத்திகை இதற்கெல்லாம் நான் அந்த வகையைத்தான் எடுத்துப் போவேன். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வரை எடுக்கும் என்பதால் எண்களைப் பார்த்து ஸ்டுடியோ மைக்குக்குச் சமம் என்று நினைத்துவிடாதீர்கள். பிட் எண்ணிக்கை பதிவின் தரத்தைச் சொல்லும், கேப்ஸ்யூலின் தரத்தைச் சொல்லாது.

ஜோடிகளில் ரொம்ப மலிவு வேண்டும் என்றால் பெரிங்கர் சி-2. பெட்டியிலேயே இரண்டு மைக்கையும் ஒரே ஸ்டாண்டில் மாட்டும் ஸ்டீரியோ பார், கிளிப், காற்றுத் தடுப்பு எல்லாம் வந்துவிடும். மைக்கிலேயே 10 டெசிபல் குறைக்கும் சுவிட்சும், கீழ் அலைவரிசையை வெட்டும் சுவிட்சும் உண்டு. டிரம்ஸுக்கு மேலே தொங்கவிட, பழகிக்கொள்ள, இது போதும். அதற்கு ஒரு படி மேலே எம்5. அதில் சுவிட்ச் எதுவும் கிடையாது, மாட்டிவிட்டு மறந்துவிடலாம். எம்5-இல் மேல் ஸ்தாயி சற்றுத் தூக்கலாக, பளிச்சென்று வரும். என் நைலான் தந்திக்கு அது வரவுதான். புது ஸ்டீல் தந்தி மாட்டிய கிட்டாருக்கு நான் மைக்கைக் கொஞ்சம் பாடி பக்கம் திருப்பிவிடுவேன், சரியாகிவிடும்.

இரைச்சலைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள், அதையும் பார்த்துவிடலாம். ஒவ்வொரு கண்டென்சர் மைக்கும் தானாகவே மெல்லிய "ஸ்ஸ்" ஒன்றை உண்டாக்கும். எம்5-க்கு ரோடு சொல்லும் எண் 19 டெசிபல், என்டி4-க்கு 16. மூன்று டெசிபல் வித்தியாசம். தாளில் பெரிதாகத் தெரியும். ஆனால் அமைதியான வீட்டில், இரவில்கூட, அறையின் சொந்தச் சத்தம் 25 முதல் 30 டெசிபல் வரை இருக்கும். ஃப்ரிட்ஜ் ஒரு பக்கம், கம்ப்யூட்டர் ஃபேன் ஒரு பக்கம், ஜன்னலுக்கு வெளியே எங்கோ ஒரு வண்டி. மைக்கின் 19 டெசிபல் இரைச்சல் இதற்கு அடியில் புதைந்துபோகும். 19-ஐ 16 ஆக்கப் பணம் போடுவதற்கு முன் கம்ப்யூட்டரை மேசைக்கு அந்தப் பக்கம் தள்ளிவையுங்கள், அதிக லாபம். ரொம்ப மெல்லிய சத்தத்தில் வாசிக்கும் கருவியை ரொம்பத் தூரத்திலிருந்து எடுப்பவருக்கு மட்டும்தான் அந்த மூன்று டெசிபல் காசுக்குப் பிரயோஜனம்.

நான் அதிகம் அழுத்திச் சொல்ல விரும்புவது "மேட்ச்டு பேர்" என்ற இரண்டு சொல்லைப் பற்றி. இரண்டு மைக்கும் ஒரே மாதிரிக் கேட்டால்தான் ஸ்டீரியோ படம் நிலையாக நிற்கும். எம்5-க்கு முன்னால் இன்னொரு ஜோடி வந்தது, பெயர் வேண்டாம், "மேட்ச்டு" என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் இருந்தது. கிட்டாரின் கீழ்த் தந்திகள் நடுவில் நின்றன. முதல் தந்தியில் மேலே ஏற ஏறச் சுரம் மெதுவாக இடப்பக்கம் நகர்ந்தது. கெயினை (மைக் ஒலியைப் பெருக்கும் அளவை) சரிசெய்து பார்த்தேன், கேபிளை மாற்றினேன், இரண்டு மைக்கையும் இடம் மாற்றி மாட்டினேன். மைக்கை மாற்றினால் நகர்வும் பக்கம் மாறியது. அப்படியானால் குறை இன்டர்ஃபேஸில் இல்லை, ஒரு மைக்கின் மேல் ஸ்தாயியில்தான். சத்த அளவில் வித்தியாசம் என்றால் கெயின் குமிழில் சரிசெய்துவிடலாம். மைக்கின் ஒலித் தன்மையே வேறாக இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. திருப்பி அனுப்பிவிட்டேன்.

ஆகவே எந்த ஜோடி வாங்கினாலும், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். இரண்டு மைக்கையும் உடம்போடு உடம்பு ஒட்டி, ஒரே திசையைப் பார்க்கும்படி, நுனிகள் சமமாக இருக்கும்படி வையுங்கள். எதிரே ஒரு முழ தூரத்தில் ஸ்பீக்கரில் பேச்சையோ பிங்க் நாய்ஸையோ (எல்லா ஸ்தாயியும் கலந்த "ஷ்ஷ்" இரைச்சல்) ஓடவிட்டுத் தனித்தனி ட்ராக்கில் பதிவு செய்யுங்கள். பிறகு இரண்டையும் நடுவில் பேன் செய்து, ஒன்றின் போலாரிட்டியைத் திருப்பிவிடுங்கள், அதாவது அலையைத் தலைகீழாக்குங்கள். ரீப்பர், ஆடாசிட்டி என்ற ரெக்கார்டிங் மென்பொருள்கள் எதிலும் இது செய்யலாம். ஒரே மாதிரியான மைக்குகள் என்றால் ஒன்றையொன்று அழித்துவிடும், சத்தம் சட்டென்று விழும். 1 டெசிபல் வித்தியாசம் இருந்தால்கூட, ஒரு மைக்கைத் தனியாகக் கேட்பதைவிடச் சுமார் 19 டெசிபல் இறங்க வேண்டும். 3 டெசிபல் வித்தியாசம் என்றால் 11 மட்டும்தான் இறங்கும். ஒரு ட்ராக்கின் ஃபேடரை (சத்த அளவை மாற்றும் நகர்த்தி) மெல்ல ஏற்றி இறக்கி, எங்கே அதிகம் விழுகிறது என்று பாருங்கள். அங்கேயும் மிச்சம் இருப்பது என்ன என்று கேளுங்கள். மிக உச்சத்தில் கொஞ்சம் "ஸ்ஸ்" மிஞ்சுவது சகஜம், இரண்டு கேப்ஸ்யூலும் ஒரே புள்ளியில் இருக்க முடியாதல்லவா. பேச்சே புரிகிற அளவுக்கு மிஞ்சினால் அது ஜோடி இல்லை.

இன்டர்ஃபேஸ் விஷயம் சீக்கிரம் முடிந்துவிடும். மைக் உள்ளீடு இரண்டு வேண்டும், இரண்டிலும் 48 வோல்ட் பாண்டம் பவர் வேண்டும். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2, பெரிங்கர் யூஎம்சி202எச்டி இரண்டிலும் உண்டு. ஸ்கார்லெட் சோலோவில் எக்ஸ்எல்ஆர் (மைக் கேபிளின் மூன்று முள் பிளக்) மைக் உள்ளீடு ஒன்றே ஒன்று. அதில் எந்த ஜோடியும் ஓடாது, என்டி4-உம் ஓடாது. ஒரே மைக்தானே என்று ஏமாறக்கூடாது, அதன் வாலில் இரண்டு பிளக் இருக்கும். கெயின் குமிழ்களைக் கோடு பார்த்து ஒரே அளவில் வைத்தால் போதும் என்றும் நம்பாதீர்கள். நடுவில் ஒரே சீரான சத்தத்தை ஓடவிட்டு, மீட்டரைப் பார்த்துச் சமன் செய்யுங்கள்.

பியானோவில் எனக்கும் அக்காவுக்கும் ஒரு பஞ்சாயத்து. அப்ரைட் பியானோவின் மேல் மூடியைத் திறந்து, ஒரு மைக்கைக் கீழ் ஸ்தாயிப் பக்கமும் இன்னொன்றை மேல் ஸ்தாயிப் பக்கமும் நெருக்கமாக வைத்தால் ஹெட்போனில் பிரமாதமாக இருக்கும். இடது காதில் இடி, வலது காதில் மணி. அக்கா கேட்டுவிட்டு, "டேய், இது என்ன பத்தடி நீளப் பியானோவா? நான் நடுவுல உக்காந்து ஓடி ஓடி வாசிக்கிற மாதிரி இருக்கு" என்றாள். வாசிக்கிறவள் சொன்னால் கேட்டுத்தானே ஆக வேண்டும். இப்போது அவள் முதுகுக்குப் பின்னால், தோளுக்கு மேலே, ஒரே ஸ்டாண்டில் ஓஆர்டிஎஃப்தான். அறையின் சத்தம் சற்றுக் கூடுதலாக வரும். அலமாரிக் கதவுகள் திறந்திருந்தால் சமாளிக்கலாம்.

அந்த நெருக்கமான, தள்ளித்தள்ளி வைத்த பதிவுக்கு இன்னொரு கெட்ட குணம் உண்டு, மோனோவில் கேட்டால் சில சுரங்கள் மெலிந்துபோகும். நேர வித்தியாசத்தோடு வந்த இரண்டு ஒலியைக் கூட்டும்போது சில அலைவரிசைகள் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. ஒற்றை ஸ்பீக்கரில் பாட்டு கேட்கிறவர்கள் எக்கச்சக்கம், அவர்களுக்கு உங்கள் பியானோவில் ஓட்டை விழுந்து கேட்கும். எக்ஸ்-ஒய்யில் இந்தத் தொல்லை கிடையாது, அதற்கு அந்தப் பெருமையைக் கொடுத்தே ஆகவேண்டும். ஓஆர்டிஎஃப்-இல் கொஞ்சம் உண்டு, தாங்கும் அளவுதான். எது எடுத்தாலும் முடிப்பதற்கு முன் மோனோ பட்டனை அழுத்தி ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, ஸ்டீரியோ பார். எம்5-க்கு நான் தனியாகத்தான் வாங்கினேன். ஓஆர்டிஎஃப்-இன் 17 சென்டிமீட்டரை மைக் நுனிக்கும் நுனிக்கும் நடுவே அளக்க வேண்டும். பலர் கிளிப்புக்கும் கிளிப்புக்கும் நடுவே அளந்துவிடுகிறார்கள். மைக்குகள் வெளிப்பக்கமாகத் திரும்பியிருப்பதால் கிளிப்புகளில் 17 வைத்தால் நுனிகளில் 25-ஐத் தாண்டிவிடும், படத்தின் நடுவில் பள்ளம் விழும். நுனியில் சரியாக வைத்தால் கிளிப்புகளுக்கு நடுவே ஏழெட்டு சென்டிமீட்டர்தான் இருக்கும், அதனால் சின்ன பாரே போதும். எக்ஸ்-ஒய்யும் வேண்டும் என்றால் ஒரு மைக் மற்றதைவிட ஒரு விரல் உயரத்தில் இருக்க வேண்டும், ஒரு கிளிப்புக்கு அடியில் கொடுக்க உயரத் துண்டு வருகிறதா என்று பாருங்கள். 30 சென்டிமீட்டர் இடைவெளி, 90 டிகிரியில் வைக்கும் என்ஓஎஸ் முறை பிடித்திருந்தால் மட்டும் இருபது சென்டிமீட்டருக்கு மேல் நீளமுள்ள பார் தேடுங்கள். ஸ்டாண்டின் கால் கனமாக இருக்கட்டும், இரண்டு மைக்கும் பாரும் சேர்ந்து ஸ்டாண்டின் நீண்ட கையான பூமின் நுனியில் தொங்கும்போது லேசான ஸ்டாண்ட் சாய்ந்துவிடும்.